காதற் பாட்டு வேதமான கதை

கிறித்தவர்களின் திருமறையாகிய விவிலியத்தில் ஒரு சிறு நூல் இருக்கிறது. அதில் 8 அதிகாரங்கள், 117 வசனங்கள். அரைமணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதன் பெயர் உன்னதப்பாட்டு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் இனிமைமிகு பாடல். அதில் கட்டளைகள் இல்லை. பலியும் வழிபாடும் இல்லை. மன்னர் வரலாறும் இல்லை. கடவுளின் திருப்பெயர்கூட வெளிப்படையாக வரவில்லை. இளைஞன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் மாறிமாறிப் பாடுகிறார்கள். ஒருவர் அழகை மற்றவர் புகழ்கிறார், ஒருவரை மற்றவர் தேடுகிறார், காண்கிறார், இழக்கிறார், மீண்டும் தேடுகிறார். நூலும் முடிந்துவிடுகிறது.

இந்த நூல் எவ்வாறு மறைநூலாயிற்று? மாணவச் செல்வங்களே, இது விளையாட்டாகக் கேட்கும் கேள்வியன்று. இதற்கு விடை சொல்லப் புகுந்தவர்களில் சிலர் புகழ்பெற்றார்கள்; சிலர் சிறை புகுந்தார்கள்; ஒருவருடைய கருத்து அவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் ஒரு பெருஞ்சபையால் கண்டிக்கப்பட்டது. மனிதக் காதலுக்கும் தெய்வக் காதலுக்கும் என்ன உறவு என்பதே இதன் உள்ளே கிடக்கும் வழக்கு. அவ்வழக்கு பாலத்தீன நாட்டில் மட்டும் நடந்ததன்று. நம் வடசென்னைக் கடற்கரையிலும் நடந்திருக்கிறது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் எண்ணூர் உப்பளங்களும் ஆலைப் புகைபோக்கிகளும் கண்ணில் படுவதால், அக்கரை தொழிலுக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து செல்பவன் இந்த வழக்கின் சாட்சிகள் பலரைக் கடந்து செல்கிறான். அவர்களிடம் பிறகு வருவோம்.

முதலில் நூலைப் பார்ப்போம். அதன் தலைவி கறுத்தவள். தான் கறுத்ததற்குக் காரணம் சொல்கிறாள்: உடன்பிறந்தார் அவளைத் திராட்சைத் தோட்டம் காக்க வைத்தார்கள், வெயில் பட்டுக் கறுத்துவிட்டாள். சங்க இலக்கியம் படித்த மாணவனுக்கு இவள் அயலாள் அல்லள். குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காத்தவள். இவள் திராட்சைத் தோட்டம் காத்தவள். தலைவன் இரவில் வந்து அவள் வீட்டுச் சுவரருகே நின்று பலகணி வழியே பார்க்கிறான். அவள் நள்ளிரவில் அவனைத் தேடித் தெருவில் இறங்குகிறாள். ஊர்க் காவலர் கையில் அகப்பட்டு அடிபடுகிறாள். நம் இலக்கணத்தார் இரவுக்குறி என்றும், காவலர் கடுகுதல் என்றும் துறை வகுத்த நிகழ்ச்சிகளே இவை. எருசலேம் நகரத்துப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்கும் ஆயமாக நிற்கிறார்கள். தாயைப் பற்றி நூலில் ஏழு இடங்களில் பேச்சு வருகிறது. தந்தையைப் பற்றி ஓரிடத்திலும் இல்லை. நற்றாயும் செவிலியும் பேசும் அளவிற்கு அகப்பாட்டில் தந்தை பேசுவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்புமை எனக்கு மட்டும் தோன்றியதன்று. எருசலேம் நகரத்து எபிரேயப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹயிம் ராபின் என்னும் மொழியறிஞர், 1973இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், உன்னதப்பாட்டுக்கும் பழந்தமிழ்க் காதற் பாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வாதிட்டார். பெண்ணே தன் வேட்கையை முதன்மையாகப் பேசுவது, இயற்கைப் பொருள்கள் உணர்ச்சியோடு பிணைந்து நிற்பது, இவற்றை அவர் சான்றாகக் காட்டினார். நறுமணப் பொருள் வாணிகம் இருநாட்டையும் இணைத்தது என்றார். 1988இல் ஆபிரகாம் மரியசெல்வம் என்னும் தமிழறிஞர் உரோமையில் இதே பொருளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். பாட்டே இங்கிருந்து அங்குச் சென்றது என்று முடிவு கட்டுதற்குச் சான்று போதாது என்பது என் கருத்து. ஆனால் பண்டம் சென்றது உறுதி. உன்னதப்பாட்டின் நான்காம் அதிகாரத்தில் மணப்பொருள்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் உள்ள ‘அகாலோத்’ என்னும் எபிரேயச் சொல்லை அறிஞர் பலர் நம் ‘அகில்’ என்னும் சொல்லோடு இணைக்கின்றனர். ஒரு மரத்துண்டு கப்பலேறும்போது அதன் பெயரும் உடன் ஏறும். துறைமுகத்தருகே வாழ்பவர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

நூலை இயற்றியவன் சாலமோன் மன்னன் என்பது மரபு. அவன் காலம் கி.மு. 10ஆம் நூற்றாண்டு. ஆனால் நூலில் பாரசீகச் சொல் ஒன்று இருக்கிறது. மதில் சூழ்ந்த சோலையைக் குறிக்கும் ‘பர்தேசு’ என்னும் சொல் அது. ஆதலின் இன்றுள்ள வடிவம் அவனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பர் ஆராய்ச்சியாளர். தலைவன் தலைவியை உடன்பிறந்தவள் என்று அழைப்பது நம் காதுக்குப் புதுமையாக இருக்கும். எகிப்து நாட்டுப் பழைய காதற் பாடல்களிலும் அவ்வாறே அழைக்கிறார்கள். அது அந்நாட்டார் அன்பு மொழி, அவ்வளவே.

இனி வழக்கிற்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், எருசலேம் கோயில் இடிக்கப்பட்டபின், யூத அறிஞர்கள் எந்தெந்த நூல்கள் மறையாகும் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் கையாண்ட சொல்வழக்கு விந்தையானது. ஒரு நூல் தூயது என்பதற்கு, அது ‘கைகளைத் தீட்டாக்கும்’ என்று சொல்வார்கள். தூய ஏட்டைத் தொட்ட கையோடு வேறு பொருளைத் தொடலாகாது என்பது கருத்து. உன்னதப்பாட்டு கைகளைத் தீட்டாக்குமா என்று ஐயம் எழுந்தது. அப்போது ஆக்கிபா என்னும் பேரறிஞர் ஐயத்தையே மறுத்தார். மறைகள் எல்லாம் தூயவை. இதுவோ தூயவற்றுள் தூயது என்பது அவர் தீர்ப்பு. ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார்: விருந்து மண்டபங்களில் இப்பாட்டைக் குரலெடுத்துப் பாடி வேடிக்கையாக்குகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்றார். இந்தக் கண்டிப்பிலிருந்து ஒரு செய்தி தெரிகிறது. விருந்து மண்டபங்களில் மக்கள் அதைப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்!

ஆக்கிபாவின் தீர்ப்புக்கு அடிப்படை எது? இங்கேதான் மாணவர்கள் ஓசேயா என்னும் தீர்க்கதரிசியை அறிந்துகொள்ள வேண்டும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இசுரவேலில் வாழ்ந்தவர் அவர். அவர் மனைவி கோமேர் கணவனுக்கு உண்மையாக இருக்கவில்லை. ஓசேயா அந்தத் துயரத்தைத் தம் வீட்டோடு நிறுத்தவில்லை. கடவுளுக்கும் மக்களுக்கும் நடுவே நிகழ்ந்ததும் இதுவே என்று கண்டார். மக்கள் பிற தெய்வங்களை நாடிச் சென்றது சட்டத்தை மீறிய குற்றம் மட்டும் அன்று. கட்டிய கணவனைக் கைவிட்ட துரோகம் என்றார். பிள்ளைகளுக்குக்கூட, இரக்கம் பெறாதவள் என்றும் என் மக்கள் அல்லர் என்றும் பொருள்படும் பெயர்கள் இடப்பட்டன. ஆனால் அந்நூலில் கடவுள் கைவிட்ட மனைவியைத் தண்டித்து ஓயவில்லை. மீண்டும் பாலைவனத்திற்கு அழைத்துச் சென்று, பழைய காதலன்போல் அவள் நெஞ்சோடு பேசப்போவதாகச் சொல்கிறார். அன்றுமுதல் அவள் தம்மை எசமான் என்று அழைக்கமாட்டாள், கணவன் என்றே அழைப்பாள் என்கிறார். எசமானைக் குறிக்கும் ‘பாகால்’ என்னும் எபிரேயச் சொல் கானானியரின் தெய்வப் பெயராகவும் இருந்தது. அதனால் அம்மொழிக்கு இரட்டைக் கூர்மை.

அஞ்சி வணங்குதலிலிருந்து அன்பால் ஒன்றுதலுக்கு ஒரு சமயம் அடியெடுத்து வைத்த இடம் இது. எரேமியாவும் ஏசாயாவும் இவ்வழியே சென்றார்கள். கடவுளைக் கணவனாகவும் மக்களை மனைவியாகவும் பேசும் வழக்கம் நிலைபெற்றபின், காதற் பாட்டு ஒன்று மறைக்குள் நுழைவதற்குக் கதவு திறந்தே இருந்தது. யூதர்கள் அதனைக் கடவுளும் இசுரவேலும் பாடும் பாட்டாகக் கொண்டார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாசுகாப் பெருவிழாவின்போது அதனை ஓதுவது அவர்கள் வழக்கம்.

கிறித்தவர்கள் தலைவனைக் கிறித்துவாகவும் தலைவியைத் திருச்சபையாகவும் கண்டார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்பவர் தலைவியைத் தனி ஆன்மாவாகவும் கொண்டு விரிவுரை எழுதினார். அகவை முதிர்ந்து உள்ளம் பக்குவப்படாதவர் இந்நூலைத் தொடவேண்டாம் என்று அவர் எச்சரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் துறவி பெர்நார்து இதன்மேல் 86 சொற்பொழிவுகள் இயற்றினார். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு முயன்றும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை! ஓர் ஆசிரியன் பாடத்திட்டத்தை முடிக்காமல் போனதற்கு இதைவிட அழகிய எடுத்துக்காட்டு நான் அறியேன்.

எல்லாரும் இந்த ஞானப்பொருளை ஏற்றவர் அல்லர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மொப்சுவெத்தியா நகர ஆயர் தியோதோர் என்பவர், இது சாலமோன் தன் திருமணம் குறித்துப் பாடிய பாட்டேயன்றி வேறன்று என்றார். 553இல் கான்சுதாந்தினோபிள் நகரத்தில் கூடிய பெருஞ்சபை அவரைக் கண்டித்தபோது, அவர்மேல் சாட்டிய குற்றங்களுள் இதுவும் இடம்பெற்றது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் நடந்தது இன்னும் கடுமை. சலமான்கா பல்கலைக் கழகப் பேராசிரியர் லூயிஸ் தெ லெயோன், ஒரு கன்னித்துறவிக்காக உன்னதப்பாட்டைத் தாய்மொழியில் பெயர்த்து, எபிரேயச் சொற்களின் நேர்ப்பொருளையும் விளக்கினார். மறைநூலை மக்கள் மொழியில் பெயர்ப்பது அங்கு விலக்கப்பட்டிருந்த காலம் அது. 1572இல் அவர் சிறைப்பட்டார். 1576இன் இறுதியில்தான் வெளியே வந்தார். அவர் வெளிவந்த அடுத்த ஆண்டு, சிலுவை யோவான் என்னும் துறவி, தம் சபையின் சீர்திருத்தத்தை எதிர்த்த சொந்தச் சபையாராலேயே தொலேதோ நகரில் இருட்டறையில் அடைக்கப்பட்டார். ஒன்பது மாத இருளில் அவர் தம் பாட்டின் பெரும்பகுதியை மனத்திலேயே இயற்றினார். காணாமற்போன காதலனைத் தேடி மலையும் காடும் அலையும் ஆன்மாவின் பாட்டு அது. உன்னதப்பாட்டின் எதிரொலி என்று அதைச் சொல்லாத அறிஞர் இல்லை. ஒருவர் அந்தப் பாட்டால் சிறை புகுந்தார். மற்றவர் சிறையில் அந்தப் பாட்டால் உயிர் தரித்தார்.

இந்த நூல் தமிழுக்கு வந்த வழியிலும் சென்னைக்குப் பங்குண்டு. செர்மானிய நாட்டுப் பெப்ரிசியுசு 1742முதல் சென்னையில் பணியாற்றியவர். வேப்பேரியில் இருந்துகொண்டு விவிலியம் முழுவதையும் நல்ல தமிழில் பெயர்க்கப் பல்லாண்டு உழைத்தார். அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஒரு புதிய மொழிபெயர்ப்புச் செய்தபோது அவருக்குத் துணைநின்றவர் யார்? சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து மழவை மகாலிங்கையரிடம் காட்டி, அவர் நடை பிழையற்றது என்று ஒப்பியபின் அச்சிட்டார்கள். அது 1850இல் வெளிவந்தது. உன்னதப்பாட்டின் தலைவியைத் தமிழ் பேச வைத்த கைகளில் திருநீறு அணிந்த கையும் ஒன்று.

நாவலருக்கு அந்நூலின் உட்பொருள் வியப்பாக இருந்திராது. காதல் வடிவில் கடவுளைப் பாடுவது தமிழில் வேரூன்றிய மரபு. அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்தவரே ஆலவாய் இறைவன் என்பது இறையனார் களவியல் பற்றிய ஐதிகம். திருவாசகம் பாடிய மாணிக்கவாசகரே திருக்கோவையாரில் 400 பாடல்களால் களவும் கற்பும் பாடினார். பேராசிரியர் அதற்கு அகப்பொருள் உரை கண்டார். வேறு சிலர் ஒவ்வொரு துறைக்கும் பேரின்பப் பொருளும் கண்டார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு உரையும் அருகருகே வாழ்ந்தன. ஒன்றைச் சொன்னவரை மற்றவர் சிறையிடவில்லை. நம்மாழ்வாரும் ஆண்டாளும் செய்தது உங்களுக்குத் தெரிந்ததே.

வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ஓசேயாவின் கடவுள் துரோகத்தால் புண்பட்ட கணவன். அங்கே உடன்படிக்கை முன்னே நிற்கிறது. தமிழ்ப் பாட்டில் பெரும்பாலும் காத்திருப்பவள் தலைவி. வராமல் வருத்துபவன் இறைவன். அங்கே குற்றம் மனிதனுடையது. இங்கே ஊடல் தெய்வத்தின்மேல். இரண்டையும் ஒன்றென்று கூறிக் கைகுலுக்க வைப்பது எளிது. ஆனால் அது மேலோட்டமான வேலை.

இப்போது கடற்கரைக்கு வருவோம். இராயபுரத்தில் படகோட்டிகள் எழுப்பிய பேதுரு ஆலயம் இருக்கிறது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்பாரும் உளர். அதே இராயபுரத்துப் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிலிருந்து வந்த ஒரு சூபி ஞானி தங்கியிருந்தார். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். உலகம் அறிந்த பெயர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டியார் என்று மக்கள் அவரை அழைத்ததால் தண்டையார்பேட்டை என்னும் பெயர் ஏற்பட்டது என்று சொல்வதுண்டு. அவர் மனோன்மணிக் கண்ணியில் இறைவனைக் காதலியாக்கிப் பாடினார்! ஆன்மா தலைவன், இறைவன் தலைவி. பாரசீகச் சூபிகளின் வழக்கும், சித்தர் பாடலில் வரும் மனோன்மணி என்னும் பெயரும், கண்ணி என்னும் தமிழ் யாப்பும் அவரிடம் ஒன்றுகூடின. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற சைவப் புலவர் அந்த முசுலீம் ஞானிமேல் பிரபந்தம் பாடினார் என்றால், அக்காலத்துச் சென்னையின் உள்ளத்தை ஊகித்துக்கொள்ளலாம். அவர் 1838இல் மறைந்தார்.

அவர் மறைந்த காலத்தில் ஏழுகிணற்றுப் பகுதி வீராசாமி பிள்ளை தெருவில் ஒரு சிறுவர் வளர்ந்துகொண்டிருந்தார். 1823இல் பிறந்த இராமலிங்கர் அவர். அத்தெருவிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்து செல்வது அவர் வழக்கமாயிற்று. 1858இல் சென்னையை விட்டு நீங்கும்வரை ஒற்றியூர்த் தியாகேசர்மேல் அவர் பாடியவை ஏராளம். 1867இல் அச்சேறிய திருவருட்பாவின் மூன்றாம் திருமுறை பெரும்பாலும் அகத்துறைப் பாடல்களே. அவற்றுள் இங்கித மாலை தனிச்சுவை உடையது. ஒற்றியூர் இறைவர் இரவலராய் வாயிலில் வந்து நிற்கிறார். தலைவி கேள்வி கேட்கிறாள். அவர் சிலேடையில் விடை சொல்கிறார். அவள் ஒன்று நினைக்க அவர் வேறொன்று கருதுகிறார். சிரிப்பும் நாணமும் ஏக்கமும் கலந்த உரையாடல் அது. பின்னாளில் சோதி வழிபாட்டை நிறுவிய வள்ளலாரை மட்டும் அறிந்த மாணவன் இந்த மாலையைப் படித்தால் திகைப்பான். திகைக்க வேண்டியதில்லை. ஆக்கிபாவும் பெர்நார்தும் அறிந்ததை இவரும் அறிந்திருந்தார். இதே கரையில்தான் பட்டினத்தாரின் சமாதியும் இருக்கிறது. பெண்ணுறவை வெறுத்துப் பாடியவரும் காதலாய்க் கசிந்தவரும் ஒரே உப்புக் காற்றில் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள்.

விவிலிய மரபும் தமிழ் மரபும் நேராகக் கைகோத்த இடம் தஞ்சை. தஞ்சையில் சுவார்ட்சு பாதிரியாரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சரபோசி மன்னரின் இளமைத் தோழர். அவர் 1800ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். குறவஞ்சியின் கட்டுக்கோப்பை நீங்கள் அறிவீர்கள்: தலைவன் உலா வருவான், தலைவி கண்டு காதல்கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள், குறவன் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் தலைவனைக் கிறித்துவாக்கினார். தலைவி சீயோன் மகள் தேவமோகினி. குறத்தி ஞானச்சிங்கி, அவள் கணவன் ஞானச்சிங்கன். பறவை பிடிக்கும் வேலை ஆன்மாக்களைச் சேர்க்கும் வேலையாயிற்று. உன்னதப்பாட்டின் எருசலேம் மகளும் குற்றாலத்து வசந்தவல்லியும் ஒரே மேடையில் ஏறியதுபோல் இருக்கிறது அந்த நூல். கோயிலில் ஆடிய கூத்தின் உருவத்தைக் கிறித்தவச் சபைக்குக் கொண்டுவருவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள்.

திருவொற்றியூரின் மூத்த கதையை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன். சுந்தரர் திருவொற்றியூர்க்கு வந்தார். கோயிலில் மலர் தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். தமக்குத் தோழராகிய இறைவனிடமே சென்று அவளைத் தருமாறு வேண்டினார். இறைவன் சங்கிலியார் கனவில் தோன்றினார். அவரோ, திருவாரூரில் பரவையார்பால் பிணிப்புண்டவர் என்னைவிட்டுப் போய்விடுவாரே என்று அஞ்சினார். பிரியேன் என்று சூளுரைப்பான் என்றார் இறைவன். சூளுரைக்க வேண்டும் என்றதும் சுந்தரர் ஒரு சூழ்ச்சி செய்தார்: நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் கருவறையைவிட்டு மகிழமரத்தில் போய் இரும் என்று கேட்டுக்கொண்டார். இறைவன் ஒப்பினார், ஒப்பிவிட்டு மறுபடியும் சங்கிலியாரிடம் சென்று, மகிழின் கீழே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார்! காதலனுக்கும் தோழர், காதலிக்கும் காப்பாளர். தப்ப வழியின்றிச் சுந்தரர் மகிழை வலம்வந்து பிரியேன் என்றார். பிறகு வசந்தம் வந்தது. திருவாரூர் விழா நினைவுக்கு வந்தது. ஊரெல்லையைத் தாண்டினார், இரு கண்ணும் ஒளி இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறுகண். திருவெண்பாக்கத்தின் பழைய கோயிலிடம் 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட்டது. கோயிலை வேறிடத்தில் எழுப்பியிருக்கிறார்கள்.

ஓசேயாவின் கதையில் கடவுள் தம்முடைய உடன்படிக்கைக்காக வழக்காடினார். இங்கே இறைவன் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தம் தோழனையே தண்டித்தார். மனிதக் காதல் தெய்வக் காதலின் வெறும் நிழல் என்றால், மகிழின் கீழே சொன்ன சொல்லுக்கு இத்தனை விலை இருந்திராது. உன்னதப்பாட்டைக் கற்பித்தவர்கள் பலர் அதிலுள்ள உடலை மறைக்கவே ஞானப்பொருளைப் போர்த்தினார்கள் என்பது என் எண்ணம். நம் பள்ளிகளில் குறளின் காமத்துப்பால் 250 பாக்களையும் புரட்டித் தாண்டுகிறோமே, அதுபோல. போர்வையை நீக்கினால் வேதம் அழிந்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு ஒற்றியூர்க் கதை விடை சொல்கிறது.

அச்சத்திற்குத் தமிழிலும் ஒரு குரல் உண்டு. சுந்தரர் திருவாரூருக்குத் திரும்பியபின் பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவனையே நள்ளிரவில் தூது அனுப்பினார். இதைக் கேள்வியுற்ற ஏயர்கோன் கலிக்காமர் துடித்துப்போனார். ஒரு பெண்ணிடம் போய்வர இறைவனைத் தெருவில் நடக்க வைப்பதா! அவருக்குச் சூலைநோய் கண்டது. சுந்தரன் ஒருவனே தீர்ப்பான் என்று இறைவன் சொன்னபோது, அவன் கையால் தீர்வதைவிடச் சாவது மேல் என்று வாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். சுந்தரர் வந்து கண்டார். தாமும் உயிர்விடத் துணிந்து அவ்வாளை எடுத்தார். இறையருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுமுதல் இருவரும் நண்பர்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியபோது, சங்கிலியாரின் கதையை எங்கே வைத்தார் என்று பாருங்கள். சுந்தரரின் முதல் திருமணத் தடையைச் சொல்லும் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அன்று; ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் வைத்தார். காதலைத் தெய்வம் சுமந்த கதை, அதை எதிர்த்து உயிர்விடத் துணிந்தவருடைய புராணத்தின் உள்ளே இருக்கிறது. எதிர்த்தவரும் நாயன்மாரே.

அந்நூல் தோன்றிச் சில பத்தாண்டுகளே கழிந்த காலத்தில், சோழமன்னன் இரண்டாம் இராசாதிராசன் திருவொற்றியூர்க்கு வந்தான். அவ்வூர்க் கோயில் கல்வெட்டு ஒன்று அதனைக் கூறுகிறது. பங்குனித் திருவிழாவில், மடத்துத் தலைவராகிய சதுரானன பண்டிதரும் பிறரும் உடனிருக்க, மன்னன் திருமகிழின் கீழே அமர்ந்து, ஆளுடைய நம்பியின் சீர்புராணம் படிக்கக் கேட்டான். சத்தியம் நடந்ததாகச் சொல்லப்படும் அதே இடத்தில் அமர்ந்து கேட்டான். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடைபெறுகிறது.